ஊர் மாறியாச்சு, டெக் ரெடி, ஆட ஆள் எங்க தேடுறது?

புது ஊருக்கு வந்து வீடெல்லாம் ஒழுங்கு பண்ணி முடிச்சப்புறம் கடைசியா ஒரே ஒரு பெட்டி பிரிக்காம மூலையில கிடக்கும் பாருங்க, அதுலதான் மேஜிக், போக்கிமான், யூ-கி-ஓ மாதிரி சேர்த்து வச்சு ஆடற கார்டு கேமோட டெக் பாக்ஸும் (ஆடற கார்டுக்கட்டு வைக்கிற டப்பா) பைண்டரும் (மீதி கார்டை அடுக்கி வைக்கிற ஆல்பம்) இருக்கும். பழைய ஊர்ல வாராவாரம் எதிர்ல உக்காந்து ஆடினவங்க இப்ப பக்கத்துல இல்ல, அதனால அதைப் பிரிக்கவே மனசு வராது. எனக்கு இது மூணு தடவை நடந்திருக்கு. மூணு ஊர்லயும் ஒண்ணுமே இல்லாம ஆரம்பிச்சு மறுபடி ஒரு செட் சேர்த்திருக்கேன், அதனால எது பலிச்சுது எது சும்மா அலைச்சல்னு எழுதுறேன். ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன். ஒரு கேம் ஆட ஆள் கிடைக்கிறது ஒரு நாள் வேலைதான், ஆனா "நம்ம செட்டு"ன்னு சொல்ற மாதிரி ஆளுங்க கிடைக்கணும்னா ஒரே இடத்துக்கு ஒரே கிழமையில திரும்பத் திரும்பப் போகணும், வேற வழி கிடையாது. கீழ சொல்றது முக்கால்வாசி அந்த இடத்தையும் கிழமையையும் கண்டுபிடிக்கிறதுக்குத்தான்.

கிளம்புறதுக்கு முன்னாடி

இன்னும் மூட்டை கட்டிட்டிருக்கீங்கன்னா கார்டை லாரியில போற சாமானோட போடாதீங்க, கைப்பையில வச்சுக்கோங்க. ஈரம் பட்டா கார்டு வளைஞ்சுடும், வளைஞ்சது ஸ்லீவ் (கார்டு மேல மாட்டற பிளாஸ்டிக் உறை) போட்டாலும் தெரியும், டோர்னமென்ட்ல அது அடையாளம் வச்ச கார்டுன்னு கணக்காயிடும்.

நாடே மாறுறீங்கன்னா ஒரு விஷயம் பார்க்கணும், இதை நிறைய பேர் போய்ச் சேர்ந்தப்புறம்தான் தெரிஞ்சுக்கிறாங்க. மேஜிக் ஆடுறவங்களுக்குக் கவலை இல்ல, எந்த மொழியில அச்சான கார்டா இருந்தாலும் டோர்னமென்ட்ல ஆடலாம். யூ-கி-ஓ அப்படி இல்ல. ஜப்பானும் ஆசியாவுல நிறைய நாடுகளும் ஓசிஜிங்கற பதிப்பு, அமெரிக்கா ஐரோப்பா பக்கமெல்லாம் டிசிஜிங்கற பதிப்பு, ரெண்டுக்கும் தடை லிஸ்ட் தனித்தனி, ஓசிஜி கார்டை டிசிஜி டோர்னமென்ட்ல இறக்க முடியாது. போக்கிமான்லயும் அந்தந்த நாட்டுக்குன்னு அனுமதிச்ச மொழி கார்டுதான் செல்லும், ஜப்பானிய கார்டு எவ்வளவு அழகா இருந்தாலும் மத்த நாட்டு மேட்ச்ல வேலைக்கு ஆகாது. அதனால டெக்கை முழுசா தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி போற இடத்துல செல்லுமான்னு பாருங்க. சும்மா வீட்டுல நண்பர்களோட ஆட இதெல்லாம் பிரச்சினையே இல்ல.

ஊர்ல என்ன ஓடுதுன்னு பாருங்க

நிறைய பேர் இங்கதான் சறுக்குறாங்க. தன்கிட்ட இருக்கற கேமுக்கு ஆள் தேடுவாங்க, கிடைக்கலேன்னா "இந்த ஊர்ல யாருமே ஆடறதில்ல"ன்னு விட்டுடுவாங்க. ஆனா ஒவ்வொரு ஊர்லயும் ஏதோ ஒரு கேம்தான் பலமா ஓடும். ஒரு ஊர்ல மேஜிக்ல நாலு பேர் சேர்ந்து ஆடற கமாண்டர்ங்கற வகை மட்டும் வாரத்துல மூணு நாள் நடக்கும், இன்னொரு ஊர்ல போக்கிமானுக்கு சின்னப் பசங்களோட அப்பா அம்மாவும் சேர்ந்து ஆடுவாங்க, வேற ஒரு இடத்துல 2022ல வந்த ஒன் பீஸ் கார்டு கேம் மத்த எல்லாத்தையும் ஓரங்கட்டியிருக்கும். எது ஓடுதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் எதை ஆடுறதுன்னு முடிவு பண்ணுங்க.

தேடுறதுக்கு கம்பெனிகளே வழி வச்சிருக்காங்க. மேஜிக்குக்கு விசார்ட்ஸோட ஸ்டோர் லொக்கேட்டர் இருக்கு, ஊர் பேரை அடிச்சா கார்டு வித்து ஆட்டமும் நடத்தற, அங்கீகாரம் உள்ள கடையும் வரப்போற ஈவென்ட்டும் காட்டும். போக்கிமானோட சைட்லயும் ஈவென்ட் லொக்கேட்டர் உண்டு. ஒன் பீஸ், டிஜிமான் மாதிரி பண்டாய் கேமுக்கெல்லாம் பண்டாய் டிசிஜி பிளஸ்னு ஒரு ஆப், அதுலயே பேர் குடுத்து மேட்ச்ல சேரலாம். யூ-கி-ஓவுக்கு கொனாமி சைட்ல கடை தேடலாம். இதுல கிடைச்ச கடைப் பேரை வச்சு அவங்க ஃபேஸ்புக் பேஜ், இன்ஸ்டாகிராம், டிஸ்கார்ட் சர்வர் எல்லாம் இருக்கான்னு பாருங்க, உண்மையான நடமாட்டம் அங்கதான் தெரியும்.

லொக்கேட்டர்ல போட்டிருக்குன்னு நம்பி நேரா கிளம்பிடாதீங்க. ரெண்டாவது தடவை ஊர் மாறினப்ப நான் அப்படித்தான் போனேன், வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்டாண்டர்டுன்னு (அது மேஜிக்ல ஒரு ஆட்ட வகை) தெளிவா போட்டிருந்துது, ஒன்றரை மணி நேரம் பஸ்ல போய் இறங்கினா கடையில லைட் எரியுது ஆனா டேபிளெல்லாம் மடக்கி சுவத்துல சாத்தியிருக்கு, கேட்டா அந்த ஈவென்ட் நின்னு பல மாசம் ஆச்சாம், லிஸ்டிங்கை யாரும் எடுக்கல. அன்னிலேர்ந்து கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் கண்டிப்பா போட்டுடுவேன். அதுவும் "உங்க கடையில மேஜிக் உண்டா"ன்னு கேட்டா "உண்டு"ன்னுதான் பதில் வரும், அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. கேட்க வேண்டியது வேற: போன வாரம் எத்தனை பேர் வந்தாங்க, என்ன ஃபார்மட் (ஆட்ட வகை) ஆடினாங்க, புதுசா வர்றவங்க எந்தக் கிழமை வந்தா நல்லது. "போன வாரம்"ங்கற வார்த்தை முக்கியம். எட்டு பேருக்கு மேல வந்தாங்கன்னு பதில் வந்தா அது உயிரோட இருக்கற இடம்.

முதல் நாள் ஆடாமலே போயிட்டு வாங்க

இது நிறைய பேருக்குப் பிடிக்காது, ஆனா நான் இப்ப எந்த ஊர்லயும் இப்படித்தான் பண்றேன். டெக்கைப் பையிலயே வச்சுக்கிட்டு, ஈவென்ட் ஆரம்பிக்கறதுக்கு அரை மணி முன்னாடி போங்க. அப்பதான் ஆளுங்க ஃப்ரீயா இருப்பாங்க, ரவுண்டு ஆரம்பிச்சுட்டா எல்லாரும் கார்டுலயே தலையைக் குனிஞ்சுக்குவாங்க.

மூணாவது ஊர்ல முதல் நாள் நடந்தது இன்னும் ஞாபகம் இருக்கு. நீளமா ஒரு டேபிள், ஒரு ஓரத்துல ரெண்டு பேர் பேசிக்காம ஆடிட்டிருந்தாங்க, இன்னொரு ஓரத்துல மூணு பேர் உக்காந்து டெக்கை ஷஃபிள் பண்றாங்க, பண்ணிட்டு வாசலைப் பார்க்கறாங்க, மறுபடி ஷஃபிள் பண்றாங்க. நாலாவது ஆள் வரலேன்னு பார்த்த உடனே தெரிஞ்சுது. கிட்ட போய் "ஒரு ஆள் குறையுதா? நான் ஊருக்குப் புதுசு, கமாண்டர் டெக் இருக்கு"ன்னேன். நடுவுல இருந்தவர் பதில் சொல்றதுக்கு முன்னாடியே பக்கத்து சேர்ல இருந்த பையை எடுத்துக் கீழ வச்சாரு. ஆடாம பார்த்துட்டு மட்டும் வரலாம்னு போனவன் கடை மூடுற வரைக்கும் அங்கதான் இருந்தேன்.

ஆட்டம் பார்க்கும்போது பின்னாடி நிக்காதீங்க, கையில இருக்கற கார்டு தெரியற இடத்துல நின்னா ஆடுறவங்களுக்கு உறுத்தும். பக்கவாட்டுல நில்லுங்க. நடுவுல "அதை ஏன் ஆடல"ன்னு வாயைத் திறக்கவே கூடாது, டோர்னமென்ட் மேட்ச்னா அது வெளியாள் உதவின்னு ஆயிடும். முடிஞ்சப்புறம் "அந்த டர்ன்ல அட்டாக் பண்ணாம விட்டீங்களே, என்ன யோசிச்சீங்க"ன்னு கேளுங்க, கார்டு ஆடுறவங்ககிட்ட இதைவிட நல்ல பேச்சு ஆரம்பம் கிடையாது, பத்து நிமிஷம் சொல்லுவாங்க.

எதைக் கவனிக்கணும்னா, தோத்தவங்க முகம் எப்படி இருக்கு, யாராவது ரூல் தெரியாம தடுமாறினா எதிராளி எப்படிச் சொல்றாங்க, கடை ஆளு வர்றவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்களா. சின்னப் பசங்க தப்பு பண்ணினா சலிச்சுக்கிற இடம்னா நான் திரும்பிப் போகமாட்டேன். உங்களை யாராவது அசௌகரியப்படுத்தினா, பேச்சுலயோ பார்வையிலயோ, கடைக்காரர்கிட்டயோ ஜட்ஜ்கிட்டயோ சொல்லிடுங்க. சொல்லியும் கண்டுக்கலேன்னா அந்த இடம் நமக்கு வேண்டாம்.

எந்த ஈவென்ட்ல முதல்ல சேர்றது

என்னைக் கேட்டா ப்ரீரிலீஸ். புது கார்டுத் தொகுப்பு கடைக்கு வர்றதுக்கு முன்னாடி நடக்கற ஈவென்ட் அது. மேஜிக்ல ஆளுக்குப் பிரிக்காத கார்டு பேக் ஆறு குடுப்பாங்க, அங்கயே பிரிச்சு 40 கார்டு டெக் கட்டி ஆடணும். போக்கிமான் ப்ரீரிலீஸும் 40 கார்டுதான், வழக்கமான ஆறு பிரைஸ் கார்டுக்கு (ஜெயிக்கிறதுக்கு எடுத்து முடிக்க வேண்டிய கார்டு) பதிலா நாலு வச்சு ஆடுவாங்க. இதுல என்ன நல்லதுன்னா அன்னிக்கு எல்லாருமே புதுசு. பத்து வருஷமா ஆடுறவரும் புது கார்டைக் கையில வச்சுக்கிட்டு "இது என்ன பண்ணும்"னு சத்தமா படிச்சிட்டிருப்பாரு, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட "இதைப் போடலாமா விடலாமா"ன்னு கேட்பாரு. டெக் கட்டற அந்த நேரத்துலதான் பேச்சு தானா வரும். எப்பவாவது வர்றவங்களும் அன்னிக்கு வருவாங்க, அதனால ஊர்ல ஆடுற முக்கால்வாசி பேரை ஒரே நாள்ல பார்த்துடலாம்.

அடுத்தது வாராந்திர டோர்னமென்ட், யூ-கி-ஓகாரங்க லோக்கல்ஸ்னு சொல்றது. டோர்னமென்ட்னு கேட்டதும் முதல் ரவுண்டுலயே தோத்து வெளிய வந்துடுவோமேன்னு பயப்படறாங்க, அப்படிக் கிடையாது. பெரும்பாலும் ஸ்விஸ் முறைதான், யாரும் வெளியேற மாட்டாங்க, தோத்தவங்களுக்குத் தோத்தவங்க, ஜெயிச்சவங்களுக்கு ஜெயிச்சவங்கன்னு அடுத்த ரவுண்டு ஜோடி விழும். எட்டு பேர் வந்தா பொதுவா மூணு ரவுண்டு. அதாவது நீங்க போய் யாரையும் தேட வேண்டாம், மூணு பேர் தானா உங்க எதிர்ல வந்து உக்காருவாங்க, பேர் சொல்லி கை குடுப்பாங்க. நீங்க ரெண்டு தோத்திருந்தா மூணாவது ரவுண்டுல வர்றவரும் தோத்தவராத்தான் இருப்பாரு, பல தடவை அவரும் புதுசு, என்னோட ரெண்டாவது ஊர்ல நெருங்கின நண்பர் ஒருத்தர் அப்படி 0-2 டேபிள்ல கிடைச்சவர்தான். அதனால ரெண்டு தோல்விக்கு அப்புறம் ட்ராப் போட்டுட்டு, அதாவது பாதியில விலகிட்டு, வீட்டுக்குப் போற பழக்கம் இருந்தா முதல் ரெண்டு மாசத்துக்கு அதை விட்டுடுங்க.

மேட்ச் முடிஞ்சதும் சட்டுனு எழுந்திரிக்காதீங்க. நேரம் மிச்சம் இருந்தா "இன்னொண்ணு சும்மா ஆடலாமா"ன்னு கேளுங்க.

வாரத்துல ஒரு நாள்தான் முடியும், இந்த டோர்னமென்ட்டா இல்ல கமாண்டர் ஆடற நாளான்னு கேட்டா, நண்பர் கிடைக்க கமாண்டர் நைட்தான் சுலபம். நாலு பேர் ஒரே டேபிள்ல, ஆளுக்கு 100 கார்டு, 40 லைஃப், ஒரு கேம் ஒரு மணி நேரத்துக்கு மேலயே போகும், அதுல உங்க டர்ன் கால்வாசிதான், மீதி நேரம் பேச்சுதான். ஒருத்தர் பலமாயிட்டா மத்த மூணு பேரும் பேசி வச்சு அடிப்பாங்க, ஆட்டத்துக்குள்ளயே கூட்டாளி ஆகிடறோம்ல.

ஆனா கமாண்டர்ல ஒரு சிக்கல் இருக்கு, டெக்கோட பலம் ஆளுக்கு ஆள் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். இதுக்காகத்தான் 2025ல விசார்ட்ஸ் 1லேர்ந்து 5 வரைக்கும் பிராக்கெட்னு கொண்டு வந்தாங்க, கடையில வாங்கி அப்படியே ஆடற டெக் பொதுவா 2, கடைசி கார்டு வரைக்கும் போட்டிக்குன்னே கட்டினது 5. உக்காரும்போதே "என்னது 2, சில கார்டு மாத்தியிருக்கேன், நீங்கல்லாம் என்ன ஆடறீங்க"ன்னு சொல்லிடுங்க. நம்பர் மட்டும் சொல்லாம டெக் எப்படி ஜெயிக்கும், எத்தனாவது டர்ன்லன்னு ஒரு வரி சேர்த்துக்கோங்க, ஏன்னா எல்லாரும் தன் டெக்கைக் கொஞ்சம் குறைச்சுத்தான் சொல்லுவாங்க. பிராக்ஸி கார்டு (நிஜ கார்டுக்குப் பதிலா வைக்கிற நகல்) வச்சிருந்தா ஆட்டத்துக்கு முன்னாடியே கேட்டுடுங்க, சும்மா ஆடற டேபிள்ல நிறைய பேர் சரின்னுடுவாங்க, டோர்னமென்ட்ல முடியாது. புது டேபிள்ல முதல் நாளே நாலாவது டர்ன்ல எல்லாரையும் முடிச்சு வச்சா அடுத்த வாரம் உங்களுக்கு சேர் இருக்காது, இதை ஒரு பையனுக்கு நடந்து பார்த்திருக்கேன், நல்ல பையன், யாரும் அவன்கிட்ட முன்னாடியே சொல்லல, அவனும் கேட்கல.

பையில என்ன இருக்கணும்

டெக், ஸ்லீவ், டைஸ், பேப்பர் பேனா. ஸ்லீவ் சைஸ் பார்த்து வாங்குங்க, மேஜிக் போக்கிமான் ஒன் பீஸ் கார்டெல்லாம் 63க்கு 88 மில்லிமீட்டர், யூ-கி-ஓ கார்டு மட்டும் கொஞ்சம் சின்னது, 59க்கு 86. இதோட ஒரு டெக் கூடுதலா எடுத்துட்டுப் போங்க, இரவல் குடுக்கறதுக்கு. சாதாரண டெக் போதும், ஆனா எடுத்த உடனே ஆடத் தெரியற மாதிரி இருக்கணும். டெக் கொண்டு வராம நண்பனைப் பார்க்க வந்தவர், தம்பியைக் கூட்டிட்டு வந்த அக்கா, அம்மா அப்பா, இவங்களெல்லாம் ஓரமா போன் பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க. "ஒண்ணு ஆடிப் பார்க்கறீங்களா, நான் சொல்லித் தர்றேன்"னு கேட்டா பாதிப் பேர் சரின்னு வருவாங்க. ஏற்கனவே செட்டா இருக்கறவங்களுக்குள்ள நுழையறதைவிட இது சுலபம்.

ட்ரேடு

பைண்டர்ல மாத்திக்கக் கார்டு இருந்தா ஆள் பழக்கம் வேகமா வரும், உண்மைதான். ஆனா முதல் நாளே பைண்டரைத் தூக்கிட்டு ஒவ்வொரு டேபிளா போனா யாவாரி வந்திருக்கான்னு நினைப்பாங்க. ரெண்டு வாரம் ஆடிட்டு அப்புறம் எடுங்க. அடுத்தவங்க பைண்டரைக் கேட்டு வாங்கிப் பாருங்க, பாக்கெட்லேர்ந்து கார்டை நீங்களா உருவாதீங்க. விலை தெரியலேன்னா ரெண்டு பேரும் ஒரே சைட்டைத் திறந்து பாருங்க, அமெரிக்காவுல டிசிஜி பிளேயர், ஐரோப்பாவுல கார்டு மார்க்கெட் பார்த்துத்தான் பேசுவாங்க. சின்னப் பசங்களோட ட்ரேடுன்னா கூட வந்த பெரியவங்களைக் கூப்பிட்டு வச்சுக்கிட்டுப் பண்ணுங்க. உங்க பைண்டரை டேபிள்ல விட்டுட்டு பாத்ரூமுக்குக்கூடப் போகாதீங்க. கூட்டமா ஒரு நாள் ஏழெட்டு பேர் கைமாத்தி என் பைண்டரைப் பார்த்தாங்க, வீட்டுக்கு வந்து திறந்தா நடுப் பக்கத்துல ஒரு பாக்கெட் காலி. யாருன்னு தெரியாது, கேட்கவும் முடியல, அந்தக் கார்டைவிட அடுத்த வாரம் எல்லார் முகத்தையும் சந்தேகத்தோட பார்த்தேனே, அதுதான் கஷ்டமா இருந்துது. இப்பல்லாம் பைண்டர் என் கையைவிட்டுப் போறதில்ல, பக்கத்தை நானே திருப்பிக் காட்டுவேன்.

கடையே இல்லாத ஊர்னா

இது நிறைய பேர் நிலைமை. போர்டு கேம் ஆடுற கூட்டம் பெரும்பாலும் எங்கயாவது இருக்கும், லைப்ரரி, காலேஜ் கிளப், காபி ஷாப்னு பாருங்க, அதுல ரெண்டு பேருக்காவது பழைய டெக் பரண்ல கிடக்கும். ஆபீஸ்லயும் ஒரு வரி போட்டுப் பாருங்க, மேஜிக் வந்தது 1993, போக்கிமான் கார்டு இங்கிலீஷ்ல வந்தது 1999, சின்ன வயசுல ஆடிட்டு விட்டவங்க இப்ப எல்லா வயசுலயும் எல்லா வேலையிலயும் இருக்காங்க.

மாசம் ஒரு தடவை பக்கத்துப் பெரிய ஊருக்குப் போங்க, அங்க "நம்ம பக்கத்துலேர்ந்து யாராவது வர்றாங்களா"ன்னு கேளுங்க. உங்க ஊர்லேர்ந்தே இன்னொருத்தர் தனியா வந்து போயிட்டிருப்பார், ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது.

ஆள் கிடைக்கற வரைக்கும் ஸ்பெல்டேபிள்னு ஒரு சைட் இருக்கு, கேமராவைக் கார்டு மேல குவிச்சு வச்சு வீடியோ கால்ல நிஜ கார்டோடயே ஆடலாம், பழைய ஊர் நண்பர்களை விட்டுடாம இருக்க நான் இதைத்தான் வச்சிருக்கேன். மேஜிக் அரீனா, போக்கிமான் லைவ், மாஸ்டர் டூயல் மாதிரி ஆன்லைன் கேமெல்லாம் ரூல் மறக்காம இருக்க நல்லது, ஆனா பெரும்பாலும் முன்பின் தெரியாதவங்களோடதான் ஜோடி விழும், ஒரு வார்த்தை பேசிக்க மாட்டீங்க, ஆயிரம் கேம் ஆடினாலும் ஒரு பேர்கூடத் தெரிஞ்சிருக்காது. அதுல ராத்திரி ரெண்டு மணி நேரம் போச்சுன்னா கடைக்குப் போகணும்ங்கற எண்ணமே குறைஞ்சுடுது, என் விஷயத்துல அதுதான் ஆச்சு, ஆறு மாசம் போனதே தெரியல.

கடையிலேர்ந்து வீட்டுக்கு

நாலஞ்சு வாரம் தொடர்ந்து போனா முகம் பழகிடும். அப்ப செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, எழுந்து போறதுக்கு முன்னாடி "அடுத்த வாரம் வர்றீங்களா"ன்னு பேர் சொல்லிக் கேட்கறது. "வாங்க ஒரு நாள் ஆடலாம்"னா அந்த ஒரு நாள் வரவே வராது. "சனிக்கிழமை நாலு மணிக்கு, இதே டேபிள்"னு சொல்லணும். நாலு பேர் சரின்னா அங்கயே வாட்ஸ்அப் குரூப் போட்டுடுங்க, வீட்டுக்குப் போய்ப் போடலாம்னு விட்டா ஒரு நம்பர் விட்டுப் போயிடும்.

ஆன்லைன்ல மட்டும் பேசினவங்களை முதல் தடவை வீட்டுக்குக் கூப்பிடாதீங்க, நீங்களும் போகாதீங்க, கடையிலயோ நாலு பேர் நடமாடற இடத்துலயோ ஆடிப் பாருங்க. நல்லா பழகினப்புறம் வீட்டுல ஆடலாம், ஆனா அதுக்காகக் கடைக்குப் போறதை நிறுத்தக்கூடாது. நிறுத்தினா புது ஆள் வர்ற வழி அடைஞ்சுடும், ஒருத்தருக்குக் குழந்தை பிறக்கும், ஒருத்தர் வேலை மாறிப் போவார், ஒரு வருஷத்துல மறுபடி ரெண்டு பேர்தான் மிஞ்சுவீங்க. டேபிளைக் கடை ஓசியிலதான் தருதுன்னா அப்பப்ப ஸ்லீவோ பேக்கோ அங்கயே வாங்குங்க, டேபிள் நிக்கறது அதுலதான்.

குரூப்ல எப்பவும் நாலு பேரோட நிறுத்தாதீங்க, ஆறு பேராவது வச்சுக்கோங்க. நாலே பேர்னா ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தா அன்னிக்கு ஆட்டமே கேன்சல், ரெண்டு வாரம் தொடர்ந்து கேன்சல் ஆச்சுன்னா மூணாவது வாரம் யாரும் கேட்கக்கூட மாட்டாங்க. ஆறு பேரும் வந்துட்டா மூணு மூணா ரெண்டு டேபிள் போடுங்க, மூணு பேர் கமாண்டர் இன்னும் சீக்கிரம் முடியும். வெள்ளிக்கிழமை மத்தியானமே ஒருத்தர் குரூப்ல "நாளைக்கு யாரெல்லாம்"னு கேட்கணும், அந்த ஆள் யாருன்னு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, வேற யாரும் இல்லேன்னா நீங்களே கேளுங்க.